பனங்காய்க் காலத்துக் கடிதம்

அன்புள்ள வதனி,

இங்கே எல்லாரும் சுகம். மாமிக்குப் பிரசர் இறங்கிவிட்டது. இவருக்கு இந்த முறையும் இடமாற்றம் வரவில்லை. சின்னவளின் புலமைப்பரிசில் சோதனை ஒருமாதிரி முடிந்தது, முடிவு வரும்வரை அதைப் பற்றிக் கதைக்கக் கூடாது என்று வீட்டில் சட்டம். நல்லூர்த் திருவிழாவும் 25 நாள் நடந்து முடிந்து, ஊர் இப்போதுதான் மூச்சு விடுகிறது.

மச்சாளிடம் கொடுத்துவிட்ட பார்சல் கிடைத்தது. சொக்கிலேட் அன்றைக்கே முடிந்தது. அந்தப் பூப்போட்ட கொப்பிதான் பிரச்சினை. இரவு படுக்க முன்னம், அன்றைக்குச் சந்தோசப்பட்ட மூன்று விசயத்தை அதில் எழுதச் சொல்லித் துண்டு வைத்திருந்தாய். எடியே, எனக்கு இரவு எப்போது வருகிறது தெரியுமா? சின்னவளின் சட்டையை அயன் பண்ணி, காலைப் புட்டுக்கு மா அவித்து அரித்து வைத்து, பெரியவன் ரியூசனால் வந்து படலையைப் பூட்டின பிறகு. பேனையை எடுத்தால் அப்படியே நித்திரை. கொஞ்ச நாள் கழித்துப் பார்க்கிறேன், மாமி அதில் சீட்டுக் கணக்கு எழுதிக்கொண்டிருக்கிறார். இன்றைக்கு உன்னை மகிழ்வித்தது எது என்று இங்கிலீசில் கேட்டிருக்கிற கோட்டுக்கு நேரே கீழே, பவளக்கா தரவேண்டிய 5,000 ரூபா. பவளக்கா எந்தப் பவளக்கா என்று நீ கேட்கமாட்டாய்.

சரி, உனக்கு எழுத உட்கார்ந்தது வேறு ஒன்றுக்கு. போன சனிக்கிழமை பனங்காய்ப் பணியாரம் சுட்டோம்.

பின்வளவில் விடியப்புறத்தில் பொத்துப் பொத்தென்று விழும். யாருக்கு நேரம்? நெடுக மாடுதான் தின்றுவிட்டுப் போகும். சனிக்கிழமை ரியூசன் இல்லையென்று தெரிந்ததும் மாமி ஓடர் போட்டார். பெரியவன் போனைக் காற்சட்டைப் பைக்குள் வைத்துவிட்டுப் போய்ப் பொறுக்கி வந்தான். நெருப்பில் போட்டுச் சுட்டதும் எழும்பின வாசத்துக்கு ஒழுங்கை முழுக்கத் தலை நீட்டியது. தோலை உரித்து, பினைந்து, தும்பு போகத் துணியில் வடித்து, சீனி போட்டுக் காய்ச்சுகிறதற்குள் எனக்கு நாரி விட்டுப்போச்சு. பிள்ளைகளுக்கு முழங்கை மட்டும் செம்மஞ்சள். இவர் உதவிக்கு வருகிறேன் என்று வந்து, ஒரு சுட்ட பனங்காயை எடுத்துக் குந்திலிருந்து சூப்பத் தொடங்கிவிட்டார். அந்த நேரம் பார்த்துக் கந்தோரிலிருந்து வீடியோ கோல். மீசையெல்லாம் பனங்களியோடு மனிசன் "ஓம் சேர், ஓம் சேர்" என்ற கோலத்துக்குச் சின்னவள் சிரித்த சிரிப்பிருக்கே! சோதனை வருசம் முழுக்க அப்படி அவள் சிரித்து நான் பார்க்கவில்லை. உண்மையாய்ச் சொல்கிறேன், அடுப்படியில் எனக்குக் கண் கலங்கிப்போச்சு. புகை என்று சமாளித்தேன். எப்படிப் பிள்ளைகளை இந்தப் பாடு படுத்துகிறோம் வதனி? பத்து வயசுக்கு என்ன சோதனை?

அப்போது மாமி சாதாரணமாய்ச் சொன்னார்: "உங்கட அப்பான்ர வெள்ளைச் சேட்டை இந்தக் களியாலதான் தோய்ச்சனான். காயப்போட்ட சேட்டை மாடு சப்பிப்போட்டுது." பிள்ளைகள் நம்பவே இல்லை. சண்டைக் காலத் தடையால் சவர்க்காரம் வராத காலம் ஒன்று இருந்தது என்பது அவர்களுக்குப் பகிடி. 1990இல் கரண்ட் போனதையும், ஜாம் போத்தல் விளக்கில் படித்து விடிய மூக்கைச் சீறினால் கரி வந்ததையும் சொன்னேன். உன் அண்ணா சைக்கிளைக் கவிழ்த்து வைத்துப் பெடல் சுற்ற, டைனமோவில் நாங்கள் ரேடியோ கேட்டதையும் சொன்னேன். அவர் களைக்கப் பாட்டும் படுத்துவிடுமே! 1995 இடப்பெயர்வில் நாவற்குழிப் பாலத்து மழையைச் சொல்லவில்லை. அது பிறகு ஒரு நாளைக்கு இருக்கட்டும்.

கொஞ்சத்தை வைத்துக்கொண்டு அப்போது எவ்வளவு சந்தோசமாய் இருந்தோம் என்று உங்கள் பக்கத்து ஆட்கள் வட்ஸ்அப்பில் அனுப்புகிறார்களே, எனக்கு அதைப் பார்த்தால் விசர் வரும். அது இல்லாமை. அதில் ஒரு வடிவும் இல்லை. மாமி விரும்பியா களியில் சேட்டுத் தோய்த்தார்? எனக்கு அன்றைக்குச் சந்தோசம் தந்தது வேறு. சவர்க்காரம் கடையில் கிடக்கிறது, களியை எண்ணெய்க்குள் போட எங்களுக்கு ஒரு சனிக்கிழமை கிடைத்திருக்கிறது, சொல்லிச் சிரிக்க மாமி உயிரோடு இருக்கிறார். இதை எந்தக் கோட்டில் எழுதுகிறது, நீயே சொல்லு.

அடுத்த நாள்தான் ருசி, ஒருவரும் தொடக் கூடாது என்று மாமி சொல்லிப் படுத்தார். காலையில் பார்த்தால் பாதிப் பெட்டி காலி. பெரியவன் அப்பாவைக் கையைக் காட்டுகிறான், அப்பா பூனையை.

கொட்டைகளைப் பாத்தி போட்டாச்சு. தையில் கிழங்கு கிண்டலாம். போன முறை மாதிரி டிக்கற் விலையைச் சொல்லித் தப்பாமல், பிள்ளைகளுக்கு லீவு எப்போது என்று எழுது. வரும்போது மாமிக்குக் கோடாலித் தைலம். சின்னப் போத்தல் வேண்டாமாம், பவளக்காவும் கேட்பாவாம்.

அன்புடன்,
மாலா