பழைய மெயில் பெட்டியைத் திற

அன்புள்ள ஒல்லி,

இங்கே எல்லோரும் நலம். இத்தனை மாதம் வாயே திறக்காமல் இருந்ததற்கான திட்டைப் பிறகு சேர்த்து வாங்கிக்கொள்கிறேன், முதலில் விஷயம். உன் பழைய முகவரிக்கு அனுப்பிய மெயில் அடுத்த நிமிடமே திரும்பி வந்துவிட்டது. ஆமாம், அதேதான், கல்லூரி நாளில் பந்தாவாகப் பெயர் வைத்தாயே, அந்த முகவரி. வாத்தியாருக்குத் தெரிந்தால் சந்தோஷப்படுவார்.

திரும்பி வந்த செய்தியில் 550 5.1.1 என்று ஒரு எண் இருந்தது. இந்த எண்களை நீயும் படிக்கத் தெரிந்துகொள். 4-இல் ஆரம்பித்தால் தற்காலிகத் தடங்கல், அனுப்புகிற சர்வரே மறுபடி முயன்று பார்க்கும். 5-இல் ஆரம்பித்தால் இனி முயலாது. அதிலும் 5.2.2 என்றால் பெட்டி நிரம்பி வழிகிறது, 5.2.1 என்றால் பெட்டியை முடக்கி வைத்திருக்கிறார்கள். இந்த இரண்டிலும் ஏதாவது செய்து உள்ளே போக வாய்ப்புண்டு. 5.1.1 வந்தால் அப்படியொரு முகவரியே அங்கே இல்லை என்று பொருள். உனக்கு வந்திருப்பது இதுதான்.

"போனால் போகிறது, அதில் வெறும் விளம்பரம்தானே" என்பாய். மெயில் போனதைப் பற்றி எனக்கும் கவலையில்லை. அந்த முகவரியைக் கொடுத்து எங்கெங்கே கணக்குத் திறந்தாய் என்பதுதான் என் கவலை. பாஸ்வேர்ட் மறந்துபோனால் புதியது கேட்கும் லிங்க் எல்லாம் அங்கேதான் போகும். அந்த முகவரி நாளைக்கு இன்னொருவன் கைக்குப் போனால், உன் சாவிக்கொத்து அவன் வீட்டு வாசலில் கிடக்கிற மாதிரி.

மிகைப்படுத்தவில்லை. 2013-இல் யாகூ இதைத்தான் செய்தது. ஒரு வருடத்துக்கு மேல் யாரும் தொடாத பெயர்களை விடுவித்துக் கேட்டவர்களுக்குக் கொடுத்தார்கள். சில வாரங்களிலேயே புதியவர்களின் பெட்டியில் பழையவர்களின் மெயில்கள் விழ ஆரம்பித்தன. 'இது என் மெயில் இல்லை' என்று சொல்ல ஒரு பொத்தானே வைக்கவேண்டி வந்தது. ஃபேஸ்புக்கோடு சேர்ந்து ஒரு தீர்வும் கண்டுபிடித்தார்கள், 2014-இல் ஆர்எஃப்சி 7293 என்ற இணைய விதிமுறை ஆவணமாக வெளிவந்தது. இந்த முகவரி இன்ன தேதியிலிருந்து இன்னாருடையது என்று எனக்குத் தெரியும், நடுவில் கை மாறியிருந்தால் கொடுக்காதே என்று அனுப்புகிறவர் மெயிலின் தலைப்பகுதியிலேயே எழுதி அனுப்பலாம். நல்ல யோசனை. ஆனால் அனுப்புகிறவர், வாங்குகிறவர் இரண்டு பக்கமும் இதைக் கடைப்பிடித்தால்தான் பலன். உன் கணக்குகள் இருக்கிற இடமெல்லாம் அப்படியா என்று நம்பி உட்கார்ந்திருக்க முடியாது.

ஜிமெயிலில் இந்தப் பயம் இல்லை. அழித்த பெயரை வேறு யாருக்கும் தரமாட்டார்கள். அங்கே ஆபத்து வேறு, தூங்குகிற கணக்குக்குள் எவனாவது புகுந்துவிடுவான். நாலு இடத்தில் ஒரே பாஸ்வேர்ட், அதற்கு மேல் போனில் இன்னொரு எண்ணும் கேட்கிற இரட்டைச் சரிபார்ப்பும் கிடையாது, அத்துமீறி யார் நுழைந்தாலும் எச்சரிக்கையைப் பார்க்க ஆளில்லை. கைவிட்ட கணக்குகளில் இரட்டைச் சரிபார்ப்பு இருப்பதற்கான வாய்ப்பு, புழக்கத்தில் உள்ளவற்றைவிடப் பத்து மடங்காவது குறைவு என்று கூகுளே சொன்னது. 2023 மே மாதம் விதியை அறிவித்தபோது சொன்ன காரணமும் அதுதான். இரண்டு வருடம் தொடாத தனிநபர் கணக்கை மெயில், டிரைவ், போட்டோ எல்லாவற்றோடும் அழிக்கலாம் என்பது விதி. அந்த டிசம்பரிலிருந்து அமலில் இருக்கிறது. அழிக்கும் முன் பல முறை எச்சரிக்கை வரும், ஆனால் எங்கே வரும்? அதே பெட்டிக்கும், நீ கொடுத்து வைத்திருக்கும் மீட்பு மெயிலுக்கும். உன் மீட்பு மெயில் எது என்று யோசித்துப் பார். சிரிக்காதே, 5.1.1 வந்த அதே முகவரிதானே?

யாகூவில் கெடு 12 மாதம். மைக்ரோசாஃப்ட் கணக்குக்கு இரண்டு வருடம். தேதியெல்லாம் மனதில் வைத்துக்கொள்ளாதே. ஆறு மாதத்துக்கு ஒருமுறை காலண்டரில் நினைவூட்டல் போட்டு ஒவ்வொன்றிலும் நுழைந்து ஒரு மெயிலைத் திறந்து படி, அல்லது உனக்கு நீயே ஒன்று அனுப்பு. கூகுளுக்கு அது போதும். கணக்கில் நுழைந்த நிலையில் யூடியூப் பார்த்தாலும் கூகுளில் தேடினாலும்கூடச் செல்லும். ஆனால் தானாக ஃபார்வர்டு ஆகிறதே என்று அசந்துவிடாதே, அவர்கள் சொல்லும் பட்டியலில் அது இல்லை. இன்னொன்று, இலவசமாகத் தரும் 15 ஜிபி நிரம்பினால் புதிய மெயில் உள்ளே வராது.

உயிரோடு இருக்கிற உன் மற்றப் பெட்டிகளில் இந்த வாரமே உட்கார். ஒவ்வொன்றிலும் 'வெரிஃபை', 'வெல்கம்', 'பாஸ்வேர்ட்' என்று ஆங்கிலத்தில் தேடு. அந்தந்த முகவரியில் எங்கெங்கே கணக்கு வைத்திருக்கிறாய் என்பது வரிசையாக வந்து நிற்கும். பணம் புழங்குகிற இடத்தில் முதலில் முகவரியை மாற்று, மற்றதெல்லாம் பிறகு. முகவரியை மாற்றும்போது பல இடங்களில் பழைய பெட்டிக்கும் ஒரு சரிபார்ப்பு எண் போகும். அதனால்தான் பெட்டி சாவதற்கு முன்பே செய்யவேண்டும் என்கிறேன். செத்தபின் ஒவ்வொரு இடத்திலும் அடையாள அட்டையைக் காட்டி மன்றாடவேண்டி வரும். இரட்டைச் சரிபார்ப்பு போட்டால், போன் கையில் இல்லாதபோது நுழைய கூகுளில் பத்து பேக்கப் எண்கள் தருவார்களே, அதை அச்சடித்துக் காகிதமாக வை. ஒரு எண் ஒரு முறைக்குத்தான்.

மெயில்களின் நகல் வேண்டுமென்றால் உன் தரவை மொத்தமாக இறக்கித் தரும் கூகுள் டேக்அவுட்டில் மெயிலை மட்டும் டிக் செய்து கேள். எம்பாக்ஸ் என்ற வகைக் கோப்பாக வரும், தண்டர்பேர்ட் என்ற மெயில் மென்பொருளில் திறக்கலாம். டவுன்லோடு லிங்க் ஒரு வாரம்தான் இருக்கும், வந்த அன்றே இறக்கிவிடு.

மண்டையனிடம் ஒன்று கேட்டுச் சொல். நம் கூட்டத்துக்கென்று அவன் வாங்கிய டாட் காம் டொமைனை யார் புதுப்பிக்கிறார்கள்? காலாவதியானதும் பதிவு நிறுவனம் அதிகபட்சம் 45 நாள் வைத்திருக்கும். அதன்பின் கூடுதல் பணம் கட்டி மீட்க 30 நாள், பிறகு மீட்கவே முடியாத 5 நாள், அப்புறம் யார் வேண்டுமானாலும் வாங்கலாம். வாங்கியவன் எந்தப் பெயருக்கு வந்தாலும் ஒரே பெட்டியில் விழும்படி வைத்துவிட்டால் நம் எல்லோருடைய மெயிலும் அவனுக்குத்தான். மண்டையனின் சோம்பேறித்தனம் உனக்குத் தெரியாததா?

இன்னொன்று. எழுதத் தயக்கமாக இருக்கிறது, ஆனாலும் சொல்லித்தான் ஆகவேண்டும். உன் அப்பாவின் ஜிமெயில். அந்தப் படங்கள் எல்லாம் அதில்தானே இருக்கின்றன? அவர் போய் ஒரு வருடம் ஆகப்போகிறது, இரண்டு வருடக் கெடு அவருக்கும் ஓடிக்கொண்டிருக்கிறது. இறந்தவர் கணக்குக்கென்று கூகுளில் தனி விண்ணப்பம் இருக்கிறது. பாஸ்வேர்டை எந்தக் காரணத்துக்காகவும் தரமாட்டார்கள். உள்ளே இருப்பதைத் தருவதும் சில சூழ்நிலைகளில் மட்டும்தான். ஆகவே கடைசி நேரம் வரை விடாதே. அவர் இருக்கும்போதே, கணக்கைத் தொடாமல் விட்டால் யாருக்குப் போகவேண்டும் என்று சொல்லி வைக்கிற கூகுளின் இன்ஆக்டிவ் அக்கவுண்ட் மேனேஜரில் உன் பெயரைச் சேர்த்திருந்தால் இந்தப் பாடே இல்லை. 2013-இலிருந்தே இருக்கிற வசதி. 3, 6, 12, 18 மாதம் என்று காத்திருப்புக் காலத்தைத் தேர்ந்தெடுத்துப் பத்துப் பேர் வரை சேர்க்கலாம். காலம் முடிந்ததும் அவர்களுக்குத் தகவல் போகும், மூன்று மாதத்துக்குள் இறக்கிக்கொள்ளலாம். உன் கணக்கில் தங்கச்சி பெயரைப் போட்டு இன்றைக்கே செய்.

அப்பாவின் சிம்மை மட்டும் செத்துப்போக விடாதே. அந்த எண்ணுக்குத்தான் ஓடிபி வரும். எண் வேறு யாருக்காவது போய்விட்டால் அந்த வழியும் அடைபடும். நாளைக்கு முதல் வேலையாக ரீசார்ஜ் போடு, போட்டதும் எனக்கு ஒரு வரி அனுப்பு.

உன்,
வாலு