'நாலாம் பாத்தி'க்குக் கை கொடுத்தவர்களுக்கு

அன்புள்ள அக்காமாருக்கும், ஆச்சிக்கும், அண்ணாச்சிமாருக்கும், என் வகுப்புப் பிள்ளைகளுக்கும்,

வணக்கம். உங்கள் உப்பளத்தில் எடுத்த 'நாலாம் பாத்தி' குறும்படத்தின் தொடக்கக் காட்சி முடிந்து, கல்லூரியில் ஒப்படைத்தும் ஆகிவிட்டது. விஸ்காம் (காட்சித் தொடர்பியல்) படிப்பின் இரண்டாம் ஆண்டில் எங்களுக்குக் கொடுத்த வேலை இதுதான்: முழுப் படத்தை மூன்றாம் ஆண்டில் எடுங்கள், இப்போது அதன் முதல் இரண்டு நிமிடத்தை மட்டும் டைட்டிலோடு முடித்துக் கொடுங்கள். அந்த இரண்டு நிமிடத்துக்குள் நன்றி கார்டுக்குச் சில விநாடிகள்தான் ஒதுக்க முடிந்தது. உங்கள் எல்லோரையும் அதற்குள் அடக்க எனக்கு மனசு வரவில்லை. அதனால்தான் இந்த மடல். அளத்தில் வேலை செய்யும் அக்காமார் சிலர் பெயர் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார்கள். ஆகவே இங்கே யார் பெயரையும் எழுதவில்லை. படிக்கும்போது யாரைச் சொல்கிறேன் என்று அவரவருக்குத் தெரியும்.

முதலில் அக்கா, உங்களுக்கு. நான் எழுதி எடுத்துவந்த காட்சியைத் தேநீர் வேளையில் வரப்பில் உட்கார்ந்து உங்களுக்கு வாசித்துக் காட்டினேன். கடலிலிருந்து சூரியன் எழும்பும், உப்பு விளையும் பாத்திகள் வெள்ளை வெளேரென்று விரியும், அப்புறம் ஒரு பெண் நடந்து வருவாள். முழுக்கக் கேட்டுவிட்டு, "வெளிச்சம் வந்த பெறவுதான் படம் ஆரம்பிக்கணுமா? அதுக்குள்ள எங்களுக்குப் பாதி வேல முடிஞ்சிருமே பிள்ள" என்றீர்கள். அன்று பஸ்ஸிலேயே புதிதாக எழுத ஆரம்பித்தேன். இப்போது படம் இருட்டில் தொடங்குகிறது. திரை கறுப்பு. பலகை உப்பை இழுக்கும் சத்தம் மட்டும். அப்புறம் தூரத்தில் தலையில் கட்டிய டார்ச் ஒன்று, இன்னொன்று, பிறகு ஒரு வரிசை. பார்த்தவர்கள் எல்லோரும் முதலில் பேசுவது அந்த இருட்டைப் பற்றித்தான். டைட்டிலில் 'கதை உதவி' என்று போட்டிருப்பது வெறும் மரியாதைக்கு இல்லை அக்கா, உள்ளதைத்தான் போட்டிருக்கிறோம்.

நடித்த என் தோழிக்கு உப்பு வாரப் பழக்கியதும் நீங்கள்தான். கையால் இழுத்தால் மதியத்துக்குள் தோள் செத்துவிடும், இடுப்பிலிருந்து இழுக்க வேண்டும். பலகையைக் கொஞ்சம் அழுத்தினாலும் அடியிலுள்ள சேறு கலந்து உப்பு கறுத்துப்போகும். மேலே தூக்கிப் பிடித்தால் பாதி உப்பு தரையிலேயே நின்றுவிடும். அந்த இடைப்பட்ட அளவை அவள் மணிக்கட்டைப் பிடித்தே சொல்லிக் கொடுத்தீர்கள். காட்சியில் அவள் கை க்ளோஸப்பில் வரும் இடத்தில், சட்டகத்துக்கு வெளியே உங்கள் கை இருக்கிறது. எனக்கு மட்டும் அது தெரியும். அவள் காலுக்கு இரண்டு ஜோடி பழைய சாக்ஸை ஒன்றின்மேல் ஒன்றாக மாட்டிவிட்டு, விரலிடுக்கில் துணி சுற்றியதையும் அப்படியே எடுத்தோம். உவர்நீர் ஒரு சின்னக் கீறலைக்கூட விட்டுவைக்காது என்று அதைப் பார்க்கிறவருக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை.

இன்னொன்றையும் எழுதியாக வேண்டும். மற்ற இடங்களில் ஒரு ஷாட் சரியாக வரவில்லை என்றால் திரும்ப எடுக்கலாம். வாரிய உப்பைத் திரும்பப் பாத்தியில் பரப்ப முடியாது. அது மறுபடி உறைய நாள் கணக்கில் வெயில் வேண்டும். அது தெரிந்து, நாங்கள் கேட்காமலேயே, பாத்தியின் ஓரத்தில் ஒரு பட்டையை வாராமல் எங்களுக்காக விட்டுவைத்தீர்கள். அதற்காக உங்கள் குழுவே அன்றைய வேலை வரிசையை மாற்றிக்கொண்டது. பாத்தி கணக்கில் கூலி வாங்குகிறவர்கள் ஒரு மாணவப் படத்துக்கு அப்படிச் செய்வது எவ்வளவு பெரிய காரியம் என்று எனக்குத் தெரியும். இதைப் பார்த்தும் பார்க்காதது போல நகர்ந்துபோன கணக்கப்பிள்ளை அண்ணாச்சிக்கும் என் நன்றி.

ஆச்சிக்கு ஒரு வார்த்தை. தண்ணீரில் உப்பு எவ்வளவு அடர்த்தி என்று அளக்கும் டிகிரிக் கணக்கில் கடல் தண்ணீர் மூன்றில் இருக்கும், வெயிலில் வற்றி 24, 25 டிகிரிக்கு வரும்போதுதான் உப்பு உறையும், 30ஐ நெருங்கவிட்டால் கசப்பு கலந்துவிடும் என்று நான் படித்துவிட்டு வந்திருந்தேன். நீங்கள் டிகிரி பார்க்கும் கண்ணாடிக் குழலைத் தொடவே இல்லை. தண்ணீர் மேல் மெல்லிய படலம் மிதப்பதைக் காட்டி, "நாளைக்கு வா, உறைஞ்சிருக்கும்" என்றீர்கள். மறுநாள் உறைந்திருந்தது. அந்தப் படலம் காற்றில் நகர்வதுதான் இப்போது டைட்டிலுக்கு முந்தைய கடைசி ஷாட்.

கேமரா கொடுத்த எங்கள் ஊர் கல்யாண வீடியோ அண்ணனுக்கு. முகூர்த்த நாள்களுக்கு நடுவே, தன் பிழைப்பையே என் கையில் கொடுத்து அனுப்பினீர்கள். கேமராவைவிட நீங்கள் சொல்லிக் கொடுத்த பாடம் பெரிது. வெள்ளையைக் கண்டால் அதைச் சாம்பலாக்கத்தான் கேமராவின் மீட்டர் பார்க்கும். மாப்பிள்ளையின் பட்டு வேட்டியை எடுக்கிற மாதிரி உப்பை எடு, மீட்டர் சொல்வதைவிட வெளிச்சத்தை ஒரு ஸ்டாப், அதாவது இரண்டு மடங்காக, கூட்டு, ஆனால் வெளிச்சம் மிஞ்சினால் கேமரா திரையில் தெரியும் ஜீப்ரா கோடு முகத்தில் ஏறாமல் பார்த்துக்கொள் என்றீர்கள். விநாடிக்கு 24 பிரேம், ஷட்டர் 50இல் ஒரு பங்கு என்று வைத்துவிட்டால் அந்த வெயிலில் லென்ஸைத் திறக்கவே முடியாது. லென்ஸுக்குள் போகும் வெளிச்சத்தைக் குறைக்க நீங்கள் பையில் போட்டுவிட்ட என்டி ஃபில்டர் இல்லாமல் பகல் காட்சிகள் வெளுத்தே போயிருக்கும். வெளிச்சத்தைத் திருப்பத் தெர்மாகோல் எதற்கு, தரையே வெளிச்சத்தைக் கீழிருந்து முகத்துக்கு அடிக்கும் என்று நீங்கள் சொன்னதும் அப்படியே நடந்தது. அளத்திலிருந்து வந்ததும் டிரைபாட் காலை நல்ல தண்ணீரில் கழுவித் துடைத்துத்தான் கொடுத்தேன் அண்ணே. இருந்தாலும் ஒரு தடவை திருகுகளைப் பார்த்துவிடுங்கள், உப்புக் காற்று பொல்லாதது.

சத்தத்துக்கு உதவியவர்கள் ஒரு தனிக் கூட்டம். அளத்தில் பதிவான ஒலியில் காற்றும், உவர்நீர் இறைக்கும் மோட்டாரும் மேலே ஏறி நின்றன. பலகைச் சத்தம் அடியில் போய்விட்டது. இருட்டில் தொடங்கும் படத்துக்கு அந்தச் சத்தம்தானே உயிர்! சரி, நாமே உண்டாக்குவோம் என்று விடுதியில் உட்கார்ந்தோம். ஹாலிவுட்டில் ஜாக் ஃபோலி என்பவர் பேர் வாங்கிய வேலை இது. அவர் பெயரிலேயே ஃபோலி என்று சொல்கிறார்கள். மெஸ் அண்ணன் ஒரு மூட்டைக் கல் உப்பும் பெரிய தாம்பாளமும் கொடுத்தார். காய்ந்த உப்பு சரசரவென்று பொய்யாகக் கேட்டது. உப்பு கரையாத அளவுக்குக் கெட்டியான உப்புத் தண்ணீரை அடியில் ஊற்றி இழுத்தபோதுதான் அந்த ஈரமான கரகரப்பு வந்தது. அதற்கும் சாதாரணப் பலகை ஒத்துவரவில்லை. போனில் சொன்னதும் தேய்ந்துபோன பலகை ஒன்றை அக்கா தூத்துக்குடியிலிருந்து பஸ்ஸில் ஏற்றிவிட, கண்டக்டர் அண்ணாச்சி அதைத் திருநெல்வேலிவரை பத்திரமாகக் கொண்டுவந்து கையில் கொடுத்துவிட்டு, டிக்கெட்கூடப் போடாமல் போனார். அந்த நல்ல மனிதரின் முகத்தைக்கூட நான் சரியாகப் பார்க்கவில்லை. பங்குனிப் புழுக்கத்தில், பதிவு முடியும்வரை மின்விசிறிகளை நிறுத்திவிட்டு வியர்த்துக்கொண்டிருந்த எங்கள் மாடிப் பிள்ளைகள் அத்தனை பேருக்கும் நன்றி.

டைட்டில் எழுதிய ஓவியர் அண்ணாச்சிக்கு என்ன சொல்லி நன்றி சொல்வது என்று தெரியவில்லை. ஃப்ளெக்ஸ் வந்த பிறகு கையெழுத்துப் பலகைக்கு ஆள் வருவது குறைந்துவிட்டது என்று பேசிக்கொண்டே, பழைய மரப்பலகைக்கு நீல எனாமல் பூசிக் காயவைத்தீர்கள். சாக்கட்டியால் கோடு இழுத்து, ஆள்காட்டி விரல் தடுமாறாமல் இருக்கச் சுண்டுவிரலைப் பலகையில் ஊன்றி எழுதினீர்கள். 'நாலாம் பாத்தி'யில் துணைக்கால் மூன்று இடத்தில் வரும். அந்த மூன்றையும் உப்பு வாரும் பலகையின் கைப்பிடி அளவுக்குக் கீழே நீட்டினீர்கள். கணினியில் எத்தனையோ எழுத்துருக்களைப் போட்டுப் பார்த்தும் எங்களுக்கு அது தோன்றவில்லை. அந்தப் பலகையை வரப்பில் நட்டு, விடியலுக்கு முந்தைய நீல வெளிச்சத்தில் எடுத்தோம். நம் பக்கத்தில் அந்த வெளிச்சம் இருபது நிமிடத்துக்கு மேல் நிற்காது. "படிக்கிற பிள்ளட்ட துட்டு வாங்கவா" என்று பணத்தைத் திருப்பிக் கொடுத்தீர்கள். அந்தப் பலகை இப்போது எங்கள் துறை அறையில் மாட்டியிருக்கிறது, வருகிறவர்கள் எல்லாம் யார் எழுதியது என்று கேட்கிறார்கள். உங்கள் கடைக்கு வழி சொல்லி அனுப்புகிறேன்.

எடிட்டிங்கில் கொம்பும் காலும் பிரிந்து பிரிந்து நின்ற தமிழ்ப் பெயர்களை, மென்பொருளில் எழுத்துகளைக் கோர்க்கும் டெக்ஸ்ட் எஞ்சினைத் தெற்காசிய மொழிகளுக்கு மாற்றிச் சரிசெய்த தோழிக்கு நன்றி. படத்தை ஓட்டச் சொல்லிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டு ஒலியை மட்டும் கேட்ட எங்கள் மேடத்துக்கும் நன்றி. முதல் டார்ச் இன்னும் நாலு விநாடி தாமதமாக வரட்டும் என்று அவர் சொன்ன பிறகுதான் அந்த இருட்டு நிறைந்தது. பேட்டரிக்குக் கடையில் சார்ஜ் போட்டுத் தந்த டீக்கடை அண்ணாச்சி, கேமராவுக்குக் குடை பிடித்துக்கொண்டு வரப்பிலேயே நின்ற என் அம்மா, உங்கள் இருவருக்கும் தனியாக வீட்டுக்கு வந்து சொல்கிறேன்.

அப்புறம், முழுப் படத்தைப் பற்றி. ஐப்பசி பிறந்தால் அளத்தில் வேலை நின்றுவிடும். அக்டோபர் முதல் டிசம்பர்வரைக்குமாகச் சேர்த்து அரசு 5,000 ரூபாய் நிவாரணம் தருவதாக 2022இல் அறிவித்தது. மூன்று மாதத்தை அதைக் கொண்டு ஒரு வீடு எப்படித் தள்ளும் என்பதுதான் மீதிக் கதை. அதை எடுக்க மழையோடு மழையாக நான் வர வேண்டும், உங்கள் வீட்டுத் திண்ணையும் அடுக்களையும் வேண்டும். அக்கா ஏற்கெனவே சரி என்று சொல்லிவிட்டார்.

அதற்கு முன்னால், வருகிற ஞாயிற்றுக்கிழமை இரவு ஏழு மணிக்கு உங்கள் தெருச் சமுதாயக் கூடத்தில் இந்த இரண்டு நிமிடத்தைப் போட்டுக் காட்டப் போகிறோம். புரொஜெக்டரைக் கல்யாண வீடியோ அண்ணனே கொண்டுவருகிறார். மறுநாள் விடியுமுன் எழ வேண்டியவர்கள் என்பதால் எட்டுக்குள் முடித்துவிடுவோம். ஆச்சிக்குப் படி ஏற முடியாது. தெருமுனையிலிருந்து கூட்டிவர இரண்டு பேரை நிறுத்தியிருக்கிறேன். எல்லோரும் பிள்ளைகளோடு வாருங்கள்.

அன்புடன்,
உங்கள் பிள்ளை,
இயக்கம், 'நாலாம் பாத்தி'