கனிம வரைபடத்தில் விடுபட்ட சரக்குக் கட்டணம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் ஞாயிறு இணைப்பில் இந்தியாவின் கனிம, எரிசக்தி வளங்கள் குறித்து வெளியான கட்டுரையும் அதனுடன் இருந்த வரைபடமும் மாணவர்களுக்குப் பெரிதும் பயன்படும். தாமோதர், சோன், மகாநதி, கோதாவரி படுகைகளில் கோண்டுவானா எனும் தொன்மையான பாறைத் தொகுதியின் நிலக்கரி பெரும்பாலும் குவிந்து கிடப்பது ஏன் என்பதைக் கட்டுரையாளர் பாறைகளின் வரலாற்றோடு இணைத்துத் தெளிவாகச் சொல்லியிருக்கிறார். ஆனால் வளம் மிகுந்த ஜார்கண்டும் ஒடிசாவும் நிர்வாகக் கோளாறால் பின்தங்கின, வளம் குறைந்த தமிழகமும் மராட்டியமும் உழைப்பால் முன்னேறின என்று இறுதிப் பத்தியில் அவர் எழுதியிருப்பதை ஏற்பதற்கில்லை. உழைப்பை யாரும் மறுக்கவில்லை. அந்த உழைப்புக்கு வேண்டிய எஃகு என்ன விலைக்கு நம் வாசலுக்கு வந்தது என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டாமா?

1950-களில் மத்திய அரசு சரக்குக் கட்டணச் சமன்பாட்டுக் கொள்கையைக் கொண்டுவந்தது. எஃகை நாடெங்கும் கொண்டு செல்ல ஆகும் ரயில் கட்டணத்தின் சராசரியைக் கணக்கிட்டு, அதை ஒவ்வொரு டன்னின் விலையிலும் ஏற்றிப் பொது நிதியில் சேர்த்து, தொலைதூரத்துக்கு அனுப்பும் செலவை அந்த நிதியிலிருந்து ஈடுகட்டினார்கள். இதனால் ஜாம்ஷெட்பூர் ஆலைக்கு எதிரிலேயே பட்டறை வைத்திருந்தவரும் கோயம்புத்தூரில் பம்புசெட் செய்தவரும் எஃகுக்கு ஒரே விலை கொடுத்தார்கள். சுரங்கத்துக்கும் உலைக்கும் அருகில் இருப்பதால் கிழக்கு மாநிலங்களுக்கு இயல்பாகக் கிடைத்திருக்க வேண்டிய ஒரே பெரிய அனுகூலம் இப்படிக் கைநழுவியது. மேற்கு இந்தியாவின் பருத்திக்கு இத்தகைய சமன்பாடு செய்யப்படவில்லை என்பது வங்காளமும் பீகாரும் நெடுங்காலம் சொல்லிவந்த குறை, அதில் நியாயம் இருக்கிறது. 1990-களின் தொடக்கத்தில் இந்த ஏற்பாடு கைவிடப்பட்டபோது, தொழிற்சாலைகள் ஏற்கெனவே வேறு பகுதிகளில் அமைந்து முடிந்திருந்தன. நமது துறைமுகங்கள், கல்வி, தொழிற்பேட்டைகள் எல்லாம் வளர்ச்சிக்குக் காரணம்தான் என்றாலும், இந்த ஒன்றை விட்டுவிட்டு எழுதப்படும் கணக்கு முழுமையான கணக்காகாது.

கடலோர அனல்மின் நிலையம் ஒன்றின் நிலக்கரிப் பிரிவில் பணியாற்றி ஓய்வுபெற்றவன் என்ற முறையில், வரைபடத்தில் கறுப்புப் புள்ளியாகத் தெரியும் ஒடிசாவின் தால்சேர் நிலக்கரி எங்களிடம் எப்படி வந்து சேரும் என்பதையும் சொல்ல விரும்புகிறேன். ஒரு ரேக்குக்கு (ஒரு முழுச் சரக்கு ரயிலுக்கு) ஏறக்குறைய 4,000 டன் வீதம் ஒடிசாவின் பாராதீப் துறைமுகத்துக்கு வரும் நிலக்கரி, அங்கே கப்பலேறி வங்கக் கடல் வழியாக எண்ணூருக்கும் தூத்துக்குடிக்கும் வந்து, கன்வேயர் பெல்ட்டில், கரியை நொறுக்கும் கிரஷர் எந்திரத்துக்குப் போகும். பெல்ட்டின் ஓரத்தில் நின்று பார்த்தால் கரியோடு கரியாகத் தட்டைத் தட்டையான களிப்பாறைத் துண்டுகளும் போய்க்கொண்டிருக்கும். மழைக்காலமானால் ஈரக்கரி களியாகி இறங்குவழியை அடைத்துக்கொள்ள, ஆட்கள் கம்பியால் குத்திவிட வேண்டியிருக்கும். நம் நாட்டு நிலக்கரியில் மூன்றில் ஒரு பங்கும் அதற்கு மேலும் சாம்பல் என்பதால், ரயிலுக்கும் கப்பலுக்கும் நாம் கொடுக்கும் வாடகையில் அதே பங்கு சாம்பலுக்குக் கொடுப்பதுதான். எத்தனை டன் எங்கே கிடைக்கிறது என்று மட்டும் காட்டும் வரைபடத்தில் இந்தத் தரக் கணக்கு தெரியாது.

கரியைச் சுமப்பதற்குப் பதில் மின்சாரமாக மாற்றிக் கம்பியில் அனுப்பலாமே என்பார்கள். 2003-இல் தால்சேரிலிருந்து கர்நாடகத்தின் கோலாருக்கு ஏறக்குறைய 1,400 கிலோமீட்டர் நீளத்தில் போடப்பட்ட உயர் அழுத்த நேர்மின் தடம் அதற்காகவே வந்தது. பின்னாளில் சத்தீஸ்கரின் ராய்கரிலிருந்து தமிழகத்தின் புகளூருக்கு 6,000 மெகாவாட் திறனுள்ள இன்னொரு தடமும் வந்துவிட்டது. மின்சாரம் தென்னகத்துக்கு வந்தது. சாம்பல் குளமும் புகையும் அங்கேயே நின்றுவிட்டன. மின்சாரத்தின் மீதான வரி பெரும்பாலும் அதை நுகரும் மாநிலத்துக்கே போய்ச் சேருகிறது. தோண்டிய மாநிலத்துக்கு முதன்மையாக மிஞ்சுவது, தோண்டியெடுக்கும் கனிமத்துக்காகச் சுரங்க நிறுவனம் செலுத்தும் ராயல்டி என்னும் உரிமத்தொகைதான். அதன் விகிதத்தை, நிலக்கரிக்கு இப்போது விலையில் 14 விழுக்காடு, மத்திய அரசே நிர்ணயிக்கிறது.

இந்த இடத்தில் தமிழகத்துக்கும் ஒரு பங்கு உண்டு. சுண்ணாம்புக்கல் ராயல்டி மீது தமிழக அரசு விதித்த மேல்வரியை எதிர்த்து எழுந்த இந்தியா சிமெண்ட்ஸ் வழக்கில்தான், மாநிலங்கள் அப்படி வசூலிக்க முடியாது என்று உச்ச நீதிமன்றத்தின் ஏழு நீதிபதிகள் அமர்வு 1989-இல் தீர்ப்பளித்தது. 35 ஆண்டுகள் கனிம மாநிலங்களின் கையைக் கட்டிப்போட்ட அந்தத் தீர்ப்பை, 2024 ஜூலை 25 அன்று ஒன்பது நீதிபதிகள் அமர்வு எட்டுக்கு ஒன்று என்ற கணக்கில் மாற்றி, ராயல்டி வரியல்ல, கனிம நிலத்தின் மீது மாநிலங்கள் வரி விதிக்கலாம் என்றது. 2005 ஏப்ரல் 1 முதலான நிலுவையையும் 12 ஆண்டுத் தவணையில் பெறலாம் என்று அடுத்த மாதமே உத்தரவாயிற்று. விரைவிலேயே சட்டம் இயற்றிய மாநிலங்களில் தமிழகமும் ஒன்று; சுண்ணாம்புக்கல்லுக்கு டன்னுக்கு 160 ரூபாய் விதித்தது. நமக்கு நியாயமாகப் படுவது ஒடிசாவுக்கும் நியாயம்தான். நாளை அங்கே வரி ஏறி நமது மின் கொள்முதல் செலவு கூடும்போது இதை மறந்துவிடக் கூடாது.

பழைய எஃகுக் கதை இப்போது வெயிலிலும் காற்றிலும் திரும்பி வருவதாகவே எனக்குப் படுகிறது. 2025 ஜூன் 30-க்குள் இயங்கத் தொடங்கிய சூரிய, காற்றாலைத் திட்டங்களின் மின்சாரத்துக்கு மாநிலங்களுக்கு இடையிலான மின் அனுப்பீட்டுக் கட்டணம் முழுமையாகத் தள்ளுபடி செய்யப்பட்டது. ஆலைகளுக்குக் கைகொடுக்க அன்று தூரத்தை அழித்தார்கள். இன்று ராஜஸ்தான், குஜராத், தமிழகம் போன்ற வெயிலும் காற்றும் உள்ள மாநிலங்களின் உற்பத்தியாளர்களுக்குக் கைகொடுக்க அதே தூரத்தை அழிக்கிறார்கள், அந்தத் தடங்களுக்கான செலவின் ஒரு பகுதியோ கிழக்கு மாநிலங்கள் உட்பட எல்லோர் மீதும் பகிர்ந்து விழுகிறது. புதுப்பிக்கத்தக்க மின்சாரம் வளர இந்தச் சலுகை உதவியது உண்மை. இருந்தும், விற்பவராக இருந்தபோதும் வாங்குபவராக இருக்கும்போதும் ஒரே பகுதி இழப்பதற்கு அப்பகுதி மக்களின் திறமைக் குறைவைக் காரணம் காட்டுவது முறையல்ல. கட்டுரையின் அடுத்த பகுதியில் ராயல்டி, அனுப்பீட்டுக் கட்டணம் இரண்டையும் மாநிலவாரியாகக் காட்டும் வரைபடம் ஒன்றையும் வெளியிட வேண்டுகிறேன்.

ஒரு சிறு திருத்தமும் தேவை. ஜம்முவின் ரியாசி மாவட்ட லித்தியத்தை, ஒரு நூற்றாண்டுக்கு மேலாகத் தோண்டப்பட்டுவரும் ஜார்கண்டின் ஜாரியா நிலக்கரி வயலுக்கு இணையான புள்ளியாகவே வரைபடம் குறித்திருக்கிறது. 2023 பிப்ரவரியில் அறிவிக்கப்பட்ட அந்த 59 லட்சம் டன், தொடக்கநிலை ஆய்வில் கணித்த தாதுவின் அளவே தவிர, பிரித்தெடுக்கக்கூடிய லித்தியத்தின் அளவு அல்ல. ஏலம் விட்டபோது போதிய நிறுவனங்கள் முன்வராததால் ஏலமும் ரத்தானது. அதை வேறு குறியால் காட்டியிருக்கலாம்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற மின் ஊழியர்,
எண்ணூர்.