பெரியம்மா, உங்களுக்குப் பிறகு மணி?

அன்புள்ள பெரியம்மா,

உங்களுக்குப் பிறகு உங்கள் கிளி மணியை யார் பார்ப்பார்கள் என்று எப்போது பேச்செடுத்தாலும் "என் பையன் பார்த்துக்கொள்வான்" என்று முடித்துவிடுகிறீர்கள். அண்ணன் இருப்பது கேப்டவுனில், மூன்றாம் மாடி வீட்டில். அங்கே பறவை வளர்க்க பாடி கார்ப்பரேட், அதாவது அந்தக் குடியிருப்பின் வீட்டு உரிமையாளர்கள் அமைப்பு, சம்மதிக்க வேண்டும். போகட்டும், அண்ணனிடம் இதை வாய்விட்டுக் கேட்டிருக்கிறீர்களா?

உங்களுக்கு 71, மணிக்கு 15. ஆப்பிரிக்கச் சாம்பல் கிளி நல்ல கவனிப்பில் 40, 60 வருஷம்கூட இருக்கும். கணக்குப் பார்த்தால், இங்கே டர்பன் சாட்ஸ்வொர்த்தில் உங்களோடு இருப்பதைவிட இன்னொருவர் வீட்டில்தான் அது அதிக காலம் இருக்கப்போகிறது. அந்த வீடு எது என்பதை நீங்கள்தான் முடிவு செய்ய வேண்டும். இறுதிச் சடங்குக்கு வந்தவர்கள் கூண்டைச் சுற்றி நின்று முடிவு செய்யக் கூடாது.

தென்னாப்பிரிக்கச் சட்டப்படி மணி உங்கள் சொத்து, அலமாரி மாதிரி. அலமாரி பேரில் உயிலில் பணம் எழுத முடியாதே! மணியையும் அதன் செலவுக்கு ஒரு தொகையையும் சேர்த்து ஒரு ஆளுக்குத்தான் எழுத வேண்டும். அவரால் முடியாவிட்டால் யார் என்று இரண்டாவது பெயரும் வேண்டும். டிரஸ்ட் வைக்கலாம் என்று யாராவது சொல்வார்கள். ஒற்றைக் கிளிக்கு அதெல்லாம் அதிகப்படி.

ஆனால் உயில் மெதுவாக நகரும். இறந்தவர்களின் சொத்து விவகாரத்தைக் கவனிக்கும் அரசின் மாஸ்டர் அலுவலகம், உயிலை நிறைவேற்றுகிறவருக்குத் தரும் அதிகாரக் கடிதம் கைக்கு வர வாரக்கணக்கில் ஆகும், அதுவரை பாங்குக் கணக்கும் முடங்கிக் கிடக்கும். மணிக்கு மறுநாள் காலையே தண்ணீர் வேண்டும். நீங்கள் திடீரென்று ஆஸ்பத்திரியில் படுத்தாலும் இதே கதைதான். அதனால் தனியாக ஒரு தாள் எழுதி ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டுங்கள்: சாவி யாரிடம், பறவை டாக்டர் யார், என்ன தீனி. அவகாடோ கிளிக்கு விஷம் என்று பெரிதாக எழுதுங்கள். நம் பக்கம் மரத்துக்கு மரம் அது காய்க்கிறது, யாராவது பாசமாக ஒரு துண்டு கொடுத்துவிடுவார்கள். நான்ஸ்டிக் தவா அதிகமாகக் காய்ந்தால் வரும் புகையும் கிளியைக் கொன்றுவிடும். இரவில் கூண்டை மூடும் பச்சைத் துணியையும் மறக்காதீர்கள். அது இல்லாவிட்டால் மணி கத்துகிற கத்து அக்கம்பக்கத்துக்கே தெரியும்.

செப்டம்பரில் வரும் தேசிய உயில் வாரத்தில், அதில் சேர்ந்திருக்கும் வக்கீல்கள் சாதாரண உயிலை இலவசமாக எழுதித் தருகிறார்கள். புரட்டாசி விரதமும் அப்போதுதான் நெருங்கும், அதற்கு முன்னால் முடித்துவிடலாம். காரில் நானே கூட்டிப் போகிறேன்.

அப்புறம், உயிலுக்கு இரண்டு சாட்சிகள் வேண்டும். அதற்கு என்னையும் என் வீட்டுக்காரரையும் கூப்பிடாதீர்கள். சாட்சிக் கையெழுத்துப் போடுகிறவரும் அவருடைய கணவனோ மனைவியோ பொதுவாக அந்த உயிலில் எதையும் பெற முடியாது, கோர்ட் விலக்குக் கொடுப்பது போன்ற சில விதிவிலக்குகள்தான் உண்டு. மணிக்கு அந்த இரண்டாவது பெயராக என்னைப் போடச் சொல்லலாம் என்று இருக்கிறேன்.

அன்புடன்,
உங்கள் தங்கை மகள்