அந்தக் கேசட் சாக்கை இரும்புக் கடைக்குப் போடாதீர்கள்

காரைக்குடி வட்டாரக் கேபிள் ஆபரேட்டர் அண்ணன்களுக்கு,

வணக்கம். 90களின் கடைசியில் உங்களில் ஒருவருடைய மாடியில் கேசட் மாற்றிக்கொண்டிருந்த பையன் எழுதுகிறேன். ஒரு வி.சி.ஆர்., அதன் படத்தைக் கேபிளில் அனுப்பும் சிக்னலாக மாற்ற ஒரு மாடுலேட்டர், சூடு தணிக்க ஒரு டேபிள் ஃபேன். காலியாகக் கிடந்த அலைவரிசையில் செருகினால் நம் ஊருக்கென்று ஒரு டி.வி. கீழே சிவப்பு எழுத்தில் நகைக்கடை விளம்பரம், நாளைய மின்தடை, காணாமல்போன பசு மாடு எல்லாம் ஓடும்.

ராத்திரி பத்துக்கு மேல் நாம் போட்ட புதுப் படங்களுக்கு யாரிடமும் உரிமை வாங்கவில்லை. அதைப் பெருமையாகச் சொல்ல வரவில்லை. ஆனால் சிறாவயல் மஞ்சுவிரட்டையும் கம்பன் விழாவையும் முழுசாகக் காட்ட வேறு யார் இருந்தார்கள்? சன் டி.வி. 1993-லேயே வந்துவிட்டது, அதில் நம் தெரு வராது. கொப்புடையம்மன் செவ்வாய்த் திருவிழாவில் கேமரா ஒரு நொடி கூட்டத்துப் பக்கம் திரும்பியது. அப்பத்தா கும்பிட்டபடி நின்றார். மறுநாள் மறு ஒளிபரப்பில் தன்னையே பார்த்துவிட்டு, டி.வி.யில் தெரிந்த அம்மனுக்கு இன்னொரு கும்பிடு போட்டார்.

சேனல் ஓய்ந்தது பார்க்க ஆளில்லாமல் இல்லை. கேபிள் டி.வி. டிஜிட்டலுக்கு மாற அரசு விதித்த கடைசிக் கெடு 2017 மார்ச் 31. செட்டாப் பாக்ஸ் வந்ததும் சேனல் வரிசையை அடுக்கும் வேலை நம் மாடியை விட்டு எங்கோ ஒரு கண்ட்ரோல் ரூமுக்குப் போய்விட்டது. அங்கே இடம் பிடிக்கப் பணம் வேண்டும். நகைக்கடை விளம்பரத்தை நம்பி ஓடிய சேனல் எங்கே போகும்?

போன மாதம் ஓர் அண்ணன் ஒரு சாக்குக் கேசட்டைப் பழைய இரும்புக்காரரிடம் போட்டுவிட்டதாகச் சாதாரணமாகச் சொன்னார். எனக்கு அன்று சோறு இறங்கவில்லை. மிச்சமிருப்பதிலும் பூசணம். வெள்ளை படிந்த கேசட்டைத் துடைக்காமல் ஓட்டினால் நாடாவைப் படிக்கும் வி.சி.ஆரின் ஹெட்டும் போகும், படமும் போகும். புது வி.சி.ஆர். வாங்கலாம் என்றால், கடைசியாகச் செய்துகொண்டிருந்த ஜப்பான் கம்பெனியும் 2016-ல் நிறுத்திவிட்டது.

பக்கத்துக் கோட்டையூரில் போர்டு எழுதும் ரோஜா முத்தையா கல்யாணப் பத்திரிகை, நாடக நோட்டீஸைக்கூட விடாமல் சேர்த்தார். 1992-ல் அவர் மறைந்தபின் அதை வாங்கியது சிகாகோ பல்கலைக்கழகம். இன்று அது சென்னையில் ஆராய்ச்சி நூலகம். நம் கேசட்டுக்குச் சிகாகோ வராது.

ஓடும் வி.சி.ஆர். ஒன்று என்னிடம் இருக்கிறது. கம்ப்யூட்டரில் ஏற்றும் பெட்டியும் வாங்கிவிட்டேன். மூன்று மணி நேரக் கேசட்டை ஏற்ற மூன்று மணி நேரம் ஆகும். ஞாயிற்றுக்கிழமைகளில் உட்காருகிறேன். சாக்கோடு கொடுங்கள், எண்ணித் திருப்பித் தருகிறேன். ராத்திரி பத்துக்கு மேல் போட்டவற்றை மட்டும் நீங்களே வைத்துக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
பழைய கேசட் பையன்