பேசிவிட்டு அனுப்புங்கள்: மக்கள் நல்வாழ்வுத் துறைக்கு ஒரு திறந்த மடல்

தமிழ்நாடு மக்கள் நல்வாழ்வுத் துறையின் மதிப்பிற்குரிய உயர் அலுவலர்களுக்கு,

வணக்கம். என் தங்கையின் கணவர் விவசாயக் கூலி. சென்ற மாதம் ஓர் இரவு, மும்முனை மின்சாரம் வரும் நேரத்துக்காக மோட்டார் கொட்டகையில் தரையில் படுத்திருந்தவரைக் கட்டுவிரியன் கடித்தது. கடிவாய் கண்ணுக்கே தெரியவில்லை. ஒரு மணிக்கு வயிற்றுவலி என்று எழுந்து வீட்டுக்கு வந்தார். இமைகள் செருகத் தொடங்கிய பிறகுதான் எங்களுக்கு விஷயம் புரிந்தது. 108 வண்டி இருபத்தைந்து நிமிடத்தில் வந்தது. ஆரம்ப சுகாதார நிலையத்தில் இரவுப் பணியில் இருந்த செவிலியர், தொலைபேசியில் மருத்துவரிடம் கேட்டு உடனே விஷமுறிவு மருந்தை ஏற்றினார். அவர்களுக்கு எங்கள் குடும்பம் என்றும் கடன்பட்டிருக்கிறது. இந்த மடல் அவர்கள் மீதான புகார் அல்ல.

கட்டுவிரியன் விஷம் மூச்சுவிடும் தசைகளை முடக்கிவிடும், மருந்தோடு செயற்கைச் சுவாசக் கருவியும் வேண்டியிருக்கும் என்பதெல்லாம் உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. தாலுகா மருத்துவமனையில் அந்தக் கருவி இல்லை. ‘மேல்சிகிச்சைக்கு அனுப்பப்படுகிறார்’ என்று எழுதிக் கொடுத்தார்கள். அடுத்த பெரிய மருத்துவமனையில் கருவி இருந்தது, காலியாக இல்லை. அங்கேயும் அதே வரியை எழுதிச் சீட்டு கொடுத்தார்கள்.

அங்கே தொண்டையில் குழாய் பொருத்தி, கையால் அமுக்கிக் காற்றுச் செலுத்தும் பையை என் தங்கையிடம் கொடுத்தார்கள். பணியிலிருந்த ஒரே செவிலியருக்கு வேறு இரண்டு உயிர்களைப் பார்க்க வேண்டியிருந்தது. 108 வண்டி வேறு ஊருக்குப் போயிருந்ததால், தனியார் வண்டி வந்து சேரும்வரை நாற்பது நிமிடம், நடைவழியில், தள்ளுவண்டிப் படுக்கையின் தலைமாட்டில் நின்று அவள் அமுக்கினாள். எட்டாம் வகுப்புவரை படித்தவள். “நிறுத்தினால் மூச்சு நின்றுவிடும்” என்பது மட்டும்தான் அவளுக்குச் சொல்லப்பட்டது. ஒன்று, இரண்டு, மூன்று என்று வாய்விட்டு எண்ணிக்கொண்டே அமுக்கினாள். நான் மாற்றிக்கொள்கிறேன் என்று கை நீட்டினேன். தரவில்லை. இப்போதும் தூக்கத்தில் எண்ணுகிறாள்.

அவர் பிழைத்துவிட்டார். மூன்றாவதாகப் போன மருத்துவக் கல்லூரி மருத்துவமனை காப்பாற்றியது. ஆனால் கிளம்பும் முன்பே தாலுகா மருத்துவமனையிலிருந்து ஒரு தொலைபேசி அழைப்பு போயிருந்தால், நேரே அங்கேயே போயிருப்போம். நான் கேட்பது இந்த ஒன்றைத்தான்: ஒரு நோயாளியை அனுப்பும் முன், போய்ச் சேரும் இடத்தில் படுக்கையும் கருவியும் இருக்கிறதா என்று பேசிவிட்டு அனுப்புங்கள்.

இது புதிய கோரிக்கை அல்ல. 1992இல் மேற்கு வங்கத்தில் ரயிலிலிருந்து விழுந்து தலையில் அடிபட்ட ஒரு விவசாயத் தொழிலாளியை, படுக்கை இல்லை, வசதி இல்லை என்று அரசு மருத்துவமனைகள் ஒன்று மாற்றி ஒன்றாகத் திருப்பி அனுப்பின. அந்த வழக்கில் 1996 மே மாதம் தீர்ப்பளித்த உச்ச நீதிமன்றம், அவசர சிகிச்சை மறுக்கப்படுவது உயிர்வாழும் உரிமையின் மீறல் என்றது. காலி இடம் எங்கே இருக்கிறதோ அங்கே நோயாளியை அனுப்ப, மருத்துவமனைகளுக்கு இடையே மையத் தகவல் தொடர்பு வேண்டும் என்றும் சொன்னது. கால் நூற்றாண்டுக்கு மேல் ஆகிவிட்டது. இன்று ஊருக்கு ஊர் பேருந்தில் எந்த இருக்கை காலி என்று கைப்பேசியில் பார்க்கிறோம். சுவாசக் கருவி எங்கே காலி என்பதை மட்டும் நடுநிசியில் வாசல் வாசலாகப் போய்க் கேட்கிறோம்.

செலவையும் பாருங்கள். சிகிச்சை இலவசம்தான், மறுக்கவில்லை. தனியார் வண்டிக்கு 6,500 ரூபாய். பணம் வரும்வரை ஓட்டுநர் மருத்துவமனை வாசலிலேயே நின்றார். விடிந்ததும் தங்கையின் தோடு அடகுக் கடைக்குப் போனது. கூட இருந்தவர்களின் சாப்பாடு, இருவரின் கூலி இழப்பு எல்லாம் தனி. 2017-18 தேசிய மாதிரி ஆய்வில், அரசு மருத்துவமனையில் ஒருமுறை சேர்ந்து சிகிச்சை பெற ஆகும் சராசரி மருத்துவச் செலவு நாடு முழுவதற்குமாக 4,452 ரூபாய் என்று வந்தது. தனியாரில் 31,845. இரண்டிலும் வண்டிக்கூலி சேரவில்லை. 5 லட்சம் ரூபாய்க் காப்பீட்டு அட்டை எங்களிடமும் இருக்கிறது. அந்த இரவில் வண்டிக்கு அது உதவவில்லை.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். சாதாரணக் காய்ச்சலுக்கெல்லாம் அவசரப் பிரிவுக்கு வந்து கூட்டம் சேர்க்கிறார்கள் என்று அன்றும் ஒருவர் எங்கள் காதுபடச் சொன்னார். எங்கள் ஊரில் வேலைக்குப் போனவர்கள் திரும்பும்போது வெளிநோயாளிச் சீட்டு கொடுக்கும் நேரம் முடிந்துவிடுகிறது. பகலில் போனால் ஒருநாள் கூலி போகும். இரவில் திறந்திருக்கும் ஒரே கதவு அவசரப் பிரிவுதான். நகர்ப்புற நலவாழ்வு மையங்களுக்கு மாலை 4 முதல் 8 மணிவரை நேரம் ஒதுக்கினீர்கள். கிராமத்துக்கு ஏன் அது கூடாது? கூலிக்காரர்களைக் குறை சொல்லும் முன் கடிகாரத்தைப் பாருங்கள்.

கோபத்தில் வழி மாறிவிட்டேன், பொறுத்துக்கொள்ளுங்கள். உங்களால் முடியும் என்று நம்புவதால்தான் எழுதுகிறேன். இந்த மாநிலத்தில் பிரசவத்தில் ஒரு தாய் இறந்தால், எந்த வாசலில் எவ்வளவு நேரம் தாமதமானது என்று குடும்பத்தாரிடமே கேட்டு எழுதுகிறீர்கள். 2001-03இல் லட்சம் உயிர்ப் பிறப்புகளுக்கு 134 என்றிருந்த தாய் இறப்பு விகிதம் 2018-20இல் 54 ஆனதில் அந்த விசாரணைகளுக்கும் பங்கு உண்டு. அதே அக்கறையோடு, மேல்சிகிச்சைக்கு அனுப்பப்படும் ஒவ்வொருவரும் எத்தனை மணிக்கு எங்கே போய்ச் சேர்ந்தார், கையிலிருந்து எவ்வளவு செலவானது, என்ன ஆனார் என்று எழுதுங்கள். மாவட்டவாரியாக வெளியிடுங்கள்.

அன்றிரவு எங்களுக்குக் கொடுக்கப்பட்ட சீட்டுகளை வைத்திருக்கிறேன். எதிலும் ‘யாரிடம் பேசப்பட்டது’ என்று நிரப்ப ஓர் இடம்கூட இல்லை. அந்த ஒரு வரியைச் சேர்த்து, அது நிரப்பப்படாமல் எந்த வண்டியும் கிளம்பக் கூடாது என்று ஆணையிடுமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
கடிபட்டவரின் மைத்துனன்