சேகருக்கு, 561 பற்றி

டேய் சேகர்,

இங்கே எல்லாரும் நலம். பதில் போடவில்லை என்று மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொள்ளாதே.

ஓர் எண் பகா எண்ணா என்று சோதிக்க நீ எழுதிய ஸ்கிரிப்டை ஓட்டிப் பார்த்தேன். 1-ஐப் பகா எண் என்கிறது! வாத்தியார் பார்த்திருந்தால் காதைத் திருகியிருப்பார். வகுத்துப் பார்க்கும் லூப் 2-இல் தொடங்குவதால் 1 சோதனைக்கே போகாமல் தப்பிவிடுகிறது. முதல் வரியிலேயே 2-க்குக் குறைந்ததையெல்லாம் தள்ளிவிடு. அப்புறம், கடைசி வரைக்கும் ஏன்டா வகுத்துக்கொண்டு போகிறாய்? வர்க்கமூலம் வரை போதும். ஒரு லட்சம் கோடி என்றால்கூடப் பத்து லட்சத்தோடு நிறுத்தலாம்.

அதெல்லாம் சின்ன விஷயம். நீ புதிதாகச் சேர்த்திருக்கும் ஃபெர்மா சோதனைதான் என்னை உறுத்துகிறது. எண்ணில் 1 கழித்து, அந்த அடுக்குக்கு 2-ஐ உயர்த்தி, எண்ணால் வகுத்து மீதி 1 வந்தால் பகா எண் என்று முடிவு கட்டுகிறாய். 341-ஐப் போட்டுப் பார். மீதி 1. ஆனால் அது 11 × 31. அடியை, அதாவது நீ அடுக்குக்கு உயர்த்தும் அந்த 2-ஐ, 3 ஆக்கினால் 341 மாட்டிக்கொள்ளும், சரி. 561-ஐ என்ன செய்வாய்? 3 × 11 × 17. அதோடு பொதுக் காரணி இல்லாத எந்த அடியை வைத்தாலும் மீதி 1 தான்! இப்படி ஏமாற்றும் பகு எண்களுக்குக் கார்மைக்கேல் எண்கள் என்று பெயர்; அவற்றுக்கு முடிவே கிடையாது என்று 1994-இல் நிரூபித்திருக்கிறார்கள்.

இதைப் பிடிக்க மில்லர்-ராபின் என்று இன்னொரு சோதனை இருக்கிறது. பேப்பரும் பேனாவும் எடு. 560-ஐ முடிந்த மட்டும் 2-ஆல் வகுத்தால் 35. 2-இன் 35-ஆம் அடுக்கை 561-ஆல் வகுத்தால் மீதி 263. அதை வர்க்கப்படுத்தி, மறுபடி மீதி எடுத்துக்கொண்டே போ: 166, 67, 1. அந்த 67-ஐப் பார். 561 பகா எண்ணாக இருந்தால், வர்க்கத்தில் மீதி 1 தரக்கூடியவை 1-ம் 560-ம் மட்டுமே. 67 எங்கிருந்து வந்தது? குட்டு அங்கே உடைகிறது. அதோடு போகவில்லையடா, 67-இல் 1 கழித்தும் கூட்டியும் பார்: 66-க்கும் 561-க்கும் மீப்பெரு பொதுக் காரணி 33, 68-க்கும் 561-க்கும் 17. 33 × 17 = 561! காரணிகளையே கையில் கொடுத்துவிடுகிறது. சந்தோஷத்தில் எழுந்து நடக்க ஆரம்பித்துவிட்டேன்.

64 பிட்டுக்குள் அடங்கும் (2-இன் 64-ஆம் அடுக்குக்குக் குறைந்த) எண்களுக்கு, இந்தச் சோதனையில் 2 முதல் 37 வரையுள்ள 12 பகா எண்களை அடிகளாக வைத்தாலே விடை உறுதி. அதற்கு மேல் போனால், சமவாய்ப்பாக எடுக்கும் ஒவ்வோர் அடியும் பகு எண்ணைத் தவறவிடும் வாய்ப்பு அதிகபட்சம் நாலில் ஒன்று. அடிகளைக் கூட்டிக்கொண்டே போகலாம்.

ஒன்று மட்டும் கண்டிப்பாகச் சொல்கிறேன். இதை வைத்துக் குறியாக்கச் சாவி தயாரிக்கப் போவதாக எழுதியிருந்தாயே, அது வேண்டாம். அதற்குப் பலர் அலசிப் பார்த்த லைப்ரரிகள் இருக்கின்றன. இது உனக்கும் எனக்கும் கணக்கு புரிவதற்கு.

திருத்தி அனுப்பு. அனுப்பும் முன் 1, 341, 561 மூன்றையும் கொடுத்து ஓட்டிப் பார்.

உன்,
நாகு